விதை கொண்டுவர முடியாது அப்பா

செர்டாங், சிலாங்கூர், மலேசியா

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவும் அப்பாருவும் எப்படி இருக்கிறார்கள்? அம்மா கொடுத்துவிட்ட பருப்புப் பொடி தீரப் போகிறது. ஆனாலும் சோற்றுக்குக் கஷ்டமில்லை, பக்கத்திலேயே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது, கடைக்காரர் தமிழ்தான். மழைக்குத்தான் நேரம் காலம் கிடையாது. துணி காய்வதில்லை.

"அந்த மெராந்தி மரத்து விதை நாலு கிடைத்தால் எடுத்துட்டு வா கண்ணு, பையில் போட்டுப் பார்க்கலாம்" என்று போனில் சொன்னீர்கள். முடியாது என்றேன், லைன் கட்டாகிவிட்டது. ஏன் முடியாது என்பதைத்தான் இங்கே பாதி நாள் படிக்கிறோம். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

தேக்கு விதையை ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி ஊறவைத்து, படாத பாடு படுத்தித்தானே முளைக்க வைப்பீர்கள்? போன வருடத்து விதையும் சாக்கில் பத்திரமாகக் கிடக்கும். மெராந்தி, இந்த ஊர்க் காட்டில் ஓங்கி வளரும் மரம், அதற்கு நேர் எதிர். காய்ந்தால் செத்தது. ஃபிரிட்ஜில் வைத்தாலும் செத்தது. கீழே விழுந்த சில நாளில் முளைத்துவிடும். எவ்வளவு பக்குவமாக ஈரத்தில் வைத்தாலும் பெரும்பாலும் சில வாரங்களுக்கு மேல் தாங்காது. இந்தக் காட்டின் பெயர் பெற்ற பெரிய மரங்களில் பெரும்பாலானவை மெராந்தியின் குடும்பம்தான்: மெராந்தி, கெருயிங், காப்பூர், செங்கால். எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதே குணம்.

வருடா வருடம் காய்த்தாலாவது பரவாயில்லை. இரண்டு வருடமோ பத்து வருடமோ சும்மா நின்றுவிட்டு, திடீரென்று ஒரு வருடம் காடு முழுக்க வேறு வேறு இன மரங்கள் ஒன்றாகப் பூக்கின்றன. வறட்சியும், வழக்கத்தைவிடக் குளிர்ந்த சில இரவுகளும் தூண்டிவிடுவதாகச் சொல்கிறார்கள். குளிர் என்றால் 20 டிகிரி, சிரிக்காதீர்கள். மிளகாயில் நீங்கள் மருந்தடித்து விரட்டுகிறீர்களே இலைப்பேன், அந்த வகைப் பூச்சிதான் சில மெராந்திகளுக்கு மகரந்தம் சேர்க்கிறது என்று 1981-ல் அப்பனா, சான் என்ற இரண்டு பேர் எழுதினார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் காய்த்துக் கொட்டினால் பன்றியும் அணிலும் வண்டும் தின்று தீர்க்க முடியாது, மிச்சம் முளைக்கும். ஆய்வகத்தில் இருந்த காய்ந்த காய் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சின்னக் கொட்டை, தலையில் மூன்று நீள இறக்கை, இரண்டு குட்டை இறக்கை. மாடிப்படியிலிருந்து போட்டால் சுற்றிக்கொண்டே இறங்குகிறது. அப்படிச் சுற்றியும் தாய்மரத்தை விட்டு அதிகத் தூரம் போவதில்லை.

விதையைச் சேர்த்து வைக்க வழியில்லாததால், இங்கே நாற்றுப் பண்ணையில் காட்டு நாற்றையே பிடுங்கிவந்து நடுகிறார்கள். இலையைப் பாதியாக வெட்டிவிட்டு, பாலித்தீன் கூடாரத்துக்குள் ஈரம் குறையாமல் வைத்து, பிறகு நிழல்வலைக்கு மாற்றுகிறார்கள். பையில் போடும் மண்ணில் காட்டு மேல்மண் ஒரு பங்கு கலக்க வேண்டும், அதிலுள்ள பூஞ்சை வேரோடு ஒட்டினால்தான் செடி தேறும். அங்கே வேலை செய்யும் அக்காவின் அம்மா அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர்களாம். ரப்பர் மரம் போய் இப்போது அந்த இடமெல்லாம் செம்பனை, பாமாயில் எடுக்கும் பனை, என்றார். அவருக்கு நாற்றின் நிறத்தைப் பார்த்தாலே போதும், எது தேறும் எது தேறாது என்று சொல்லிவிடுகிறார். உங்களை மாதிரிதான்.

களப்பயிற்சி பூச்சோங்கில் இருக்கும் ஆயர் ஹீத்தாம் காட்டில். சுற்றிலும் வீடும் நெடுஞ்சாலையும், நடுவில் காடு. தரையில் முழங்கால் உயரத்தில் நாலைந்து இலையோடு நிற்கும் செடிக்கு அலுமினியத் தகட்டில் நம்பர் கட்டியிருக்கிறது. கன்று என்று நினைப்போம், பத்து வயதைத் தாண்டியும் இருக்கலாம். மேலே ஒரு பெரிய மரம் சாய்ந்து வெளிச்சம் விழும்வரை அது வளராமல் காத்துக்கொண்டிருக்கும். பெரும்பாலான மரங்களில் வயது எண்ண வளையமும் கிடையாது. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் டேப் சுற்றி அளந்து, சில வருடம் கழித்து அதே கோட்டில் மறுபடி அளந்தால்தான் எவ்வளவு பருத்தது என்று தெரியும். நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பாசோ என்ற இடத்தில் 50 ஹெக்டேரில் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் உள்ள எல்லா மரத்தையும் இப்படியே அளக்கிறார்கள். 800-க்கும் அதிகமான இனங்கள்! அட்டைக் கடிக்குப் பழகிவிட்டேன், அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

காடு வெட்டும் சட்டதிட்டமெல்லாம் அந்த முழங்கால் உயரச் செடியை நம்பித்தான் எழுதியிருக்கிறார்கள். 1948-ல் வந்த முறைப்படி, தரையில் கன்று போதுமான அளவு இருந்தால் மேலே உள்ள பெரிய மரங்களை ஒரே தடவையில் எடுத்துவிட்டு, விலைபோகாதவற்றுக்கு விஷம் வைத்து, 70 வருடம் காத்திருக்க வேண்டும். சமவெளியில் அது நன்றாகவே வந்தது. ஆனால் சமவெளிக் காடே ரப்பருக்கும் செம்பனைக்கும் போய்விட்டது. மலைச்சரிவில் கன்று ஒரு இடத்தில் இருக்கும், ஒரு இடத்தில் இருக்காது. அதனால் 1978-ல் முறையை மாற்றி, குறிப்பிட்ட தடிமனுக்கு மேலுள்ளதை மட்டும் வெட்டி, 30 வருடத்தில் திரும்பி வரலாம் என்றார்கள். மீதி விட்ட மரம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பருக்கும் என்பது கணக்கு. பல இடங்களில் மரம் அந்தக் கணக்குக்கு ஒத்துவருவதில்லை. எனக்கு 30 வருடம் அவசரமாகத்தான் படுகிறது. காய்ப்பே எப்போது என்று தெரியாத இடத்தில், இழுத்துக்கொண்டு போகும் கட்டை நாற்றை நசுக்கிவிட்டால் திரும்ப விதைக்க யாரிடம் என்ன இருக்கிறது? வகுப்பில் இதைக் கேட்டேன், ஒரு மணி நேரம் சண்டை நடந்தது.

அம்மாவுக்கு ஒரு சேதி. கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தில் காப்பூர் மரங்களைப் பார்த்தேன். அந்த இடம் ஒரு காலத்தில் வெள்ளீயம் தோண்டிக் கெட்டுப்போன நிலம், 1920-களில் மரம் நட ஆரம்பித்தார்கள், 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அண்ணாந்து பார்த்தால் ஒரு மரத்துக் கிளை அடுத்ததைத் தொடவில்லை, நடுவில் வானம் கோடுகோடாகத் தெரிகிறது. அந்தக் காலத்துப் பச்சைக் கற்பூரம் இந்த இன மரத்திலிருந்துதான். சுமத்ராவின் பாருசில் நம் வணிகர்கள் 1088-ல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டே இருக்கிறது. இலையைக் கசக்கி முகர்ந்தேன், கொஞ்சம் மண்ணெண்ணெய் வாடை.

உங்களுக்கு இந்தக் குடும்பத்து மரம்தான் வேண்டுமென்றால் மெராந்தி எதற்கு? வெள்ளைக் குங்கிலியம் நம் மேற்கு மலையிலேயே இருக்கிறது. மழை தொடங்கும் சமயத்தில் காய் விழும். யாராவது முறையாகக் கொடுத்தால் வாங்குங்கள், ஆனால் வெயிலில் பரப்பாதீர்கள், வந்த அன்றைக்கே பையில் ஊன்றிவிடுங்கள். தென்னை நிழலில் வாய்க்கால் பக்கம் வையுங்கள். முளைத்தால் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், தம்பியிடம்.

அன்புடன்,
உங்கள் மகள்
கோகிலா