அந்த இரண்டு அங்குல இடைவெளி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முதுகு வலி இன்னும் விடவில்லை என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. நீயும் நானும் ஒரே பெஞ்சில் அரம் பிடித்த நாட்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. பிரஸ்ஸில் மாட்டும் இரும்பு அச்சு, அந்த 320 கிலோ டையை நாலு பேர் மூச்சைப் பிடித்துத் தூக்குவோமே, ஆளுக்கு 80 கிலோ. அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் அமைப்பு 1991-இல் திருத்திய கணக்குப்படி, சுமை உடம்போடு ஒட்டி, இடுப்பைத் திருப்பாமல், எல்லாம் சாதகமாக இருந்தாலும் ஓர் ஆளுக்கு 23 கிலோதான். அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் நாம் தினமும் தூக்கினோம். உன் முதுகு இன்று கேட்கும் கணக்கு அதுதான்.

உங்கள் ஆலையில் டையை டேபிளில் வைத்து ஏற்றி இறக்கி நகர்த்தும் ஹைட்ராலிக் லிஃப்ட் டிராலி வாங்கப் போகிறார்கள், எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தாய். மூன்று வருஷமாக அதோடுதான் என் பிழைப்பு. கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல். ஆனால் வாங்குமுன் சில விஷயம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காலால் மிதித்தால் அரை டன் எப்படி எழும்புகிறது என்று எங்கள் பையன்கள் ஆச்சரியப்படுவார்கள். பம்பு பிஸ்டன் 16 மில்லிமீட்டர், மேலே தள்ளும் சிலிண்டர் 48 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள். விட்டம் மூன்று மடங்கு என்றால் பரப்பு ஒன்பது மடங்கு. பெடல் லீவரில் எட்டு மடங்கு கிடைத்தால் மொத்தம் 72. நீ 20 கிலோ அழுத்தினால், உராய்வில் போவது போக, சிலிண்டரில் 1,400 கிலோ அளவுக்கு விசை. அதற்கு ஈடாகத் தூரத்தைக் கொடுக்கிறோம். பெடல் 30 சென்டிமீட்டர் இறங்கினால் சிலிண்டர் 4 மில்லிமீட்டர்தான் நகரும். அதனால் அவசரக்காரனுக்கு இந்த வண்டி ஒத்துவராது. இன்னொன்று, டேபிளுக்கு அடியில் கத்தரி மாதிரி விரிந்து மடங்கும் கத்தரிக்கால் படுத்துக் கிடக்கும்போதுதான் சிலிண்டருக்குப் பாடு அதிகம். நிமிர நிமிர மிதிப்பது லேசாகும். முதல் நாலு மிதி கனமாக இருக்கிறதே, வண்டி கெட்டுப்போச்சா என்று யாராவது கேட்டால் இதைச் சொல்.

இப்போது நான் முக்கியமாக எழுத நினைத்தது.

போன வருஷம் ஒரு ராத்திரி ஷிஃப்டில் பிரஸ்ஸிலிருந்து டையை வெளியே எடுத்துக்கொண்டிருந்தோம். டேபிளை, டை உட்காரும் பிரஸ் பெட் உயரத்துக்கு ஏற்றி, இரண்டு வீலிலும் பிரேக் போட்டு, இரண்டு பேர் டையை இழுத்தார்கள். பாதி டை டேபிள் மேல் வந்துவிட்டது. அப்போதுதான் வண்டி மெதுவாகப் பின்னால் நகர்ந்ததைப் பார்த்தேன். வீல் உருளவில்லை. பூட்டிய வீல் தரையில் சிந்தியிருந்த ஆயிலில் அப்படியே வழுக்கியது. பெட்டுக்கும் டேபிளுக்கும் நடுவே இரண்டு அங்குலம் திறந்துவிட்டது. டையின் பின்பக்கம் அந்த இடைவெளியில் இறங்கி 'டங்' என்று உட்கார்ந்தது. விளிம்பைப் பிடித்திருந்த பையனின் கையுறை நுனி மாட்டிக்கொண்டது. விரல் தப்பியது. அந்தக் கையுறையை நான் இன்னும் டிராயரில் வைத்திருக்கிறேன்.

அன்று முழுக்க யோசித்தேன். டையை பிரஸ்ஸுக்குள் தள்ளும்போது, அடியில் உரசும் உராய்வு வண்டியையும் சேர்த்து பெட் பக்கமாகத்தான் தள்ளும். வண்டி ஒட்டிக்கொண்டு நிற்கும். வெளியே இழுக்கும்போது அதே உராய்வு வண்டியை பெட்டிலிருந்து விலக்கும். போடும்போது நூறு தடவை சரியாக நின்ற வண்டி, எடுக்கும்போது ஓடுவது அதனால்தான். நாங்கள் பிரேக்கை மட்டும் நம்பியிருந்தோம். பிரேக் வீலைத்தான் பிடிக்கும், தரையைப் பிடிக்காது.

இப்போது தயாரிப்பாளரிடம் கேட்டு, வண்டிச் சட்டத்தில் இரண்டு கொக்கி வைத்துக்கொண்டோம். பெட்டோடு மாட்டிய பிறகுதான் டையில் கை வைக்க வேண்டும். எடுக்கும்போது டேபிள் ஒரு நூல் தாழ்வாக இருக்கட்டும், பாரம் இடிக்காமல் வழுக்கி வரும். விற்க வருபவர்கள் எத்தனை கிலோ தூக்கும் என்றுதான் பேசுவார்கள். நீ கொக்கி மாட்ட வழி உண்டா என்று கேள். அந்த எத்தனை கிலோவும் பாரம் டேபிளின் நடுவில் பரவி உட்கார்ந்தால்தான்.

மற்றபடி, ஏற்றி வைத்தபடி வண்டியைத் தள்ளவே கூடாது. டேபிளைத் தாழ்த்தி நகர்த்து, போன இடத்தில் ஏற்று. ஒரு சின்ன இரும்புச் சுருள் போதும், வீல் சட்டென்று நின்றுவிடும். உயரத்தில் இருக்கும் டை நிற்காது. ஏற்றிய டேபிள் தானாக இறங்கினால் வால்வில் தூசியோ, சீல் தேய்ந்ததோ இருக்கும். பார்ப்பதற்குக் கையை உள்ளே விடுமுன் பாரத்தை எடுத்துவிட்டு, கத்தரிக்கால் இறங்காமல் முட்டுக் கொடு. இதில் மட்டும் எனக்கு யாரிடமும் சமரசம் கிடையாது.

உன் பிரஸ் பெட் தரையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர், உங்களிடம் உள்ளதிலேயே கனமான டை எத்தனை கிலோ, இரண்டையும் அளந்து எழுது. டேபிள் அந்த உயரத்துக்கு எட்டவில்லை என்றால் வாங்கிய வண்டி மூலையில்தான் நிற்கும். அளக்கக் குனியும் வேலையை வேறு யாரிடமாவது கொடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் கூட்டாளி