வண்டியே வீடுதான், நிறுத்த இடம் வேண்டுமே

டென்வர்
பிப்ரவரி 16

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா?

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீங்கள் கேட்டது மனத்தைவிட்டுப் போகவில்லை. "வண்டிக்குள்ளேயே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் இருக்கிறது என்கிறாய். பிறகு செப்டம்பரில் நாம் சேர்ந்து போகும் பயணத்துக்கு இப்போதே இடம் பிடிப்பானேன்? இருட்டினால் ஓரமாக நிறுத்தித் தூங்கவேண்டியதுதானே?" என்றீர்கள். அவசரத்தில் சரியாகப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். ஆர்.வி. என்று இங்கே சொல்லும் இந்த வீட்டு வண்டியை முதன்முதலாக வாடகைக்கு எடுத்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த நினைப்பு ஒரே இரவில் போய்விட்டது. முந்தாண்டு ஜூலை 4, இந்த நாட்டுச் சுதந்திர தினத்தை ஒட்டிய விடுமுறை. வெள்ளிக்கிழமை மாலை, பதிவு எதுவும் இல்லாமல் மலைப்பக்கம் கிளம்பினோம். வண்டியை நிறுத்தித் தங்கும் முகாம்களில் முதலாவதின் வாசலிலேயே 'இடமில்லை' என்று பலகை. இரண்டாவதில் ஓர் இடம் காலியாக இருந்தது, ஆனால் 22 அடி வண்டிதான் அதில் அடங்கும். எங்களுடையது 30 அடி. மூன்றாவது முகாமைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் டார்ச் விளக்கோடு வந்து, எங்கள் முகத்தைப் பார்த்து வருத்தப்பட்டுக் கையை விரித்தார். மலைப்பாதையில் செல்போன் சிக்னல் இல்லை. பாப்பா இருக்கையில் பெல்ட்டோடு தூங்கிவிட்டாள். நள்ளிரவு தாண்டி, நெடுஞ்சாலையோரம் லாரிகள் நிற்கும் பெட்ரோல் நிலையத்தில் ஒதுங்கினோம். விடியும்வரை இரு பக்கமும் லாரி எஞ்சின்கள் உறுமிக்கொண்டே இருந்தன. உங்கள் மருமகள் கண்ணை மூடவில்லை. அந்த இரவை உங்களுக்கும் அம்மாவுக்கும் நான் கொடுக்க மாட்டேன்.

இதைக் கேட்டுவிட்டு, எல்லா இரவுக்கும் பதிவு செய்துவிடு என்று சொல்லிவிடாதீர்கள். அதையும் செய்து பார்த்தாயிற்று. போன ஆகஸ்டில் ஓர் இரவுகூட விடாமல் பதிவு செய்துகொண்டு போனோம். வயோமிங் மாநிலத்தில் டுபோய் என்ற சிற்றூரைத் தாண்டி, தேசிய வனத்துக்குள் சின்ன முகாம் ஒன்று. மதியச் சாப்பாட்டுக்காக நிறுத்தினோம். முந்தி வருபவருக்கே இடம் என்ற ஏற்பாடு. வாசலில் ஓர் இரும்புக் குழாய் நட்டு, பக்கத்தில் பழுப்பு உறைகள் வைத்திருக்கிறார்கள். பிடித்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, உறையில் பெயரையும் தேதியையும் எழுதி, பணத்தை உள்ளே வைத்துக் குழாயின் பிளவில் போட்டுவிடவேண்டும். உறையின் ஓரத்துச் சீட்டைக் கிழித்து நம் இடத்துக் கம்பத்தில் செருகினால் அந்த இடம் நம்முடையது. காவலுக்கு ஆள் இல்லை, நம்பிக்கைதான். செவ்வாய்க்கிழமை என்பதால் நாலைந்து இடங்கள் காலியாகவே இருந்தன. பாப்பா ஓடைக் கரையில் கூழாங்கற்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். "இங்கேயே இருக்கலாம் அப்பா" என்று அவள் கெஞ்ச, நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அன்றிரவு தங்குவதற்கு வேறோர் இடத்தில் பணம் கட்டியிருந்தேன். மத்திய அரசின் ரிக்ரியேஷன்.கவ் இணையதளத்தில் எடுக்கும் இடத்தைப் போய்ச் சேரும் நாளிலோ முந்தின நாளிலோ ரத்து செய்தால், 10 டாலர் கட்டணத்தோடு முதல் இரவு வாடகையும் போய்விடும். அழுத குழந்தையைத் தூக்கி உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன். அது இன்றும் உறுத்துகிறது.

அதனால் இந்த முறை ஒவ்வோர் இரவையும் தனித்தனியாக யோசித்தேன். கூட்டம் மொய்க்கும் இடமா, அங்கே இடம் கிடைக்காவிட்டால் அடுத்த போக்கிடம் எவ்வளவு தூரம், உங்களுக்கு அன்றிரவு மின்சாரம் வேண்டுமா என்ற மூன்றையும் வைத்துத்தான் முடிவு செய்தேன்.

நாம் போகும் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் முகாம் தவிர வேறெங்கும் வண்டியில் படுத்துத் தூங்கக்கூடாது. சாலையோரம் நிறுத்தினால் எழுப்பி அனுப்பிவிடுவார்கள். உள்ளே இருக்கும் முகாம்களில் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றில்தான் மின்சாரம், தண்ணீர், கழிவுக்குழாய் மூன்றும் வண்டிக்கு இணைத்துத் தருவார்கள். கிரிஸ்லி கரடிகள் நடமாடும் பகுதி என்பதால் அங்கே துணிக்கூடாரத்துக்கே அனுமதி இல்லை, கெட்டிச் சுவருள்ள வண்டிகள் மட்டும்தான். நான் பார்த்தபோது நம் தேதிகள் தீர்ந்துபோயிருந்தன. யாராவது ரத்து செய்வார்கள் என்று தினமும் காலையில் எழுந்ததும் பார்த்துக்கொண்டே வந்தேன். பதினோராவது நாள் மூன்று இரவுகள் சேர்ந்தாற்போல் கிடைத்தன. அதற்கு முன் கிராண்ட் டீட்டன் பூங்காவில் கோல்டர் பே, இரண்டு இரவுகள். அங்கும் மின்சாரம் உண்டு.

போகும்போது ஓர் இரவையும் திரும்பும்போது இரண்டு இரவுகளையும் திறந்தே வைத்திருக்கிறேன். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, தொழிலாளர் தின விடுமுறை, முடிந்ததும் குடும்பங்களின் கூட்டம் வடிந்துவிடும். அந்த இரவுகள் வார நாட்களில் விழும்படி அமைத்திருக்கிறேன். பகல் மூன்று மணிக்குள் வண்டியை நிறுத்திவிடுவோம். ஓர் இடம் இல்லையென்றால் அடுத்ததைத் தேட வெளிச்சம் மிச்சமிருக்கும். அதுவும் இல்லையென்றால், அந்த வழியில் தேசிய வனமும் மத்திய அரசின் பொது நிலங்களும் நிறையவே இருக்கின்றன. அவற்றில் பல இடங்களில் 14 நாள்வரைகூடக் கட்டணமில்லாமல் தங்கலாம். குழாயும் விளக்கும் இருக்காது, அவ்வளவுதான். ஓடைக்கரை முகாமில் இடம் கிடைத்தால் பாப்பா அடுக்கிய கற்களை உங்களுக்குக் காட்டவேண்டும் என்கிறாள்.

என் கவலையெல்லாம் உங்கள் மூச்சுக்கருவியைப் பற்றித்தான். அது இரவு முழுக்க ஓடவேண்டும். முகாம்களில் இரவு நேரத்தில் ஜெனரேட்டர் போட விடமாட்டார்கள். எனவே பதிவு செய்யாமல் திறந்து வைத்திருக்கும் மூன்று இரவுகளும் வண்டியின் பேட்டரியை நம்பித்தான். கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் எத்தனை வாட், எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கும், பார்த்து எழுதுங்கள். 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டும் கம்பி அதற்கு உண்டா என்று வாங்கிய கடையில் கேளுங்கள். காற்றை ஈரமாக்கும் சூடேற்றியை அணைத்துவிட்டால் மின்சாரம் நிறைய மிச்சமாகும். சூடேற்றி இல்லாமல் கருவியை மட்டும் ஓட்டினால் தூக்கம் வருகிறதா என்று இரண்டு இரவு வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். சரிப்படவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள், அந்த மூன்று இரவுகளுக்கும் மின்சாரம் உள்ள இடமாகப் பார்த்து இப்போதே பதிவு செய்துவிடுகிறேன். பாப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்

அன்பு மகன்