லவ் பேர்ட்ஸ் கடித்தால் அலகை வெட்டாதீர்கள், பானையை எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறையில் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் பலர், சில மாதங்களில் அதே கடைக்குப் போய், "கை வைத்தாலே கடிக்குது, அலகைக் கொஞ்சம் வெட்டிவிடுங்க" என்று கேட்கிறார்கள். சில இடங்களில் வெட்டியும் விடுகிறார்கள். இதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். அலகுக்குள் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. ஒட்ட வெட்டினால் ரத்தம் கொட்டும், பறவையால் தினையின் உமியை நீக்க முடியாது. ஐம்பது கிராம் அளவே எடையுள்ள உயிர் ஒரு நாள் பட்டினி கிடந்தாலே ஆபத்து. அதன் பிறகும் கடிப்பது நிற்காது.

பட்ஜி எனப்படும் நீள வால் சின்னக் கிளிகளையும் இங்கே லவ் பேர்ட்ஸ் என்றே விற்கிறார்கள். நாங்கள் எழுதுவது குட்டை வாலும் கனத்த வளைந்த அலகும் கொண்ட, நமீபியா பக்கத்து வறண்ட நிலத்திலிருந்து வந்த இனத்தைப் பற்றி. பட்ஜி கடித்தால் சுருக்கென்று இருக்கும். இது கடித்தால் தோல் கிழியும்.

கடிக்கு முதல் காரணம் பெரும்பாலும் கூண்டிலேயே தொங்குகிறது. கூண்டு, தினை, மண்பானை என்று மூன்றையும் சேர்த்தே விற்பது வழக்கமாகிவிட்டது. பறவை தூங்கத்தானே என்று நாமும் மாட்டிவிடுகிறோம். நம் ஊர் வெயிலுக்கு அது குச்சியில் உட்கார்ந்தே நிம்மதியாகத் தூங்கும். பானையைப் பார்த்தால் அதற்குக் கூடு கட்டப் பொந்து கிடைத்துவிட்டது, முட்டையிடும் காலம் வந்துவிட்டது. பொந்தைக் காப்பதில் பெட்டைதான் முன்னே நிற்கும். அதனால்தான் பெட்டையின் கடி மூர்க்கமாக இருக்கிறது. காகிதத்தை நீள நீளமாகக் கிழித்து, வாலுக்கு மேலே உள்ள இறகுகளில் செருகிக்கொள்வதைப் பார்த்துப் பலர் விளையாடுகிறது என்று ரசிக்கிறார்கள். கூடு கட்டத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

பறவை வெளியே இருக்கும் நேரம் பார்த்துப் பானையை எடுத்துவிடுங்கள். உள்ளே முட்டை இருந்தால் மட்டும் அவசரப்படக் கூடாது. எடுத்து எறிந்தால் ஈடுகட்ட மேலும் மேலும் இடும். உடம்பில் கால்சியம் குறைந்து, முட்டை வெளிவராமல் அடைத்துக்கொண்டு பெட்டை இறந்துபோகலாம். குஞ்சு வேண்டாம் என்றால் முட்டையை இட்ட அன்றே எடுத்து, வேகவைத்து, நன்றாக ஆறியதும் திரும்ப வைத்துவிடலாம். மூன்று நான்கு வாரம் அடைகாத்துவிட்டுப் பறவை தானாகவே விலகும். அப்போது பானையையும் சேர்த்து எடுங்கள். கால்சியத்துக்காகக் கடல்நுரை (கணவாய் மீனின் ஓடு) ஒரு துண்டு எப்போதும் கூண்டில் இருக்கட்டும். பானைக்குப் பதிலாகச் சிரட்டை, அட்டைப்பெட்டி, துணிக் கூடாரம் என்று எதை வைத்தாலும் அதையும் பொந்தாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

வெளிச்சமும் இதையே செய்கிறது. ஹாலில் இரவு பதினொரு மணி வரை விளக்கு எரிந்தால் பறவைக்குப் பகல் நீள்கிறது. பகல் நீண்டால் இனப்பெருக்க ஹார்மோன் கூடுகிறது. மாலை 7 மணிக்குக் கூண்டை அமைதியான அறைக்கு மாற்றி, மூன்று பக்கம் மட்டும் பருத்தித் துணியால் மூடி, 10 முதல் 12 மணி நேரம் இருட்டுக் கொடுங்கள். வேகவைத்த முட்டை போன்ற சத்துத் தீனியைக் கொஞ்ச காலம் நிறுத்துங்கள். தலையையும் கழுத்தையும் தடவலாம். முதுகையும் வாலடியையும் தடவக் கூடாது.

இரண்டாவது காரணம் நம் கை. கடிப்பதற்கு முன் பறவை சொல்லிவிடுகிறது: இறகுகள் உடம்போடு ஒட்டும், கழுத்து முன்னால் நீளும், அலகு லேசாகத் திறக்கும். அந்த நொடியில் கை நின்றுவிட்டால் பெரும்பாலும் கடி விழாது. நாமோ அதையும் மீறி நீட்டுகிறோம். எச்சரித்துப் பயனில்லை என்று தெரிந்துகொண்ட பறவை, அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கிறது.

பழக்குவதற்குத் தினைக்கதிர் ஒன்று போதும். ஆனால் அதைத் தீனித் தட்டில் போடவே கூடாது, பழக்கும்போது மட்டும்தான் கிடைக்க வேண்டும். காலைத் தீனிக்கு முன் 5 நிமிடம், மாலையில் 5 நிமிடம். இதற்காகப் பட்டினி போடுவது கொடுமை. முதலில் கூண்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் கை இருந்தால் பறவை பதற்றப்படாமல் இருக்கிறது என்று பாருங்கள். அங்கேயே நின்று, கம்பி வழியாக நீளமான கதிரைக் கொத்தவிடுங்கள். நாளுக்கு நாள் பிடியைக் கதிரின் நுனிக்குக் கொண்டுவாருங்கள். அடுத்தது ஐஸ்கிரீம் குச்சி: குச்சி நுனியை அலகால் தொட்டால் உடனே இரண்டு தினை. குச்சி போகும் இடமெல்லாம் பின்னால் வரத் தொடங்கியதும், கூண்டுக்கு வெளியே ஒரு மரக்கிளையில் ஏறப் பழக்குங்கள். கிளையைப் பிடித்திருக்கும் விரலை மெல்ல மெல்ல நகர்த்தி அதன் காலருகே கொண்டுவந்தால், ஒருநாள் விரலிலேயே ஏறும். சில பறவைக்கு இரண்டு வாரம், சிலவற்றுக்கு மாதங்கள். குச்சிக்குப் பழகிய மறுநாளே விரலை நீட்டுவதாலும், வீட்டில் ஒருவர் பொறுமையாகப் பழக்க இன்னொருவர் துண்டைப் போட்டுப் பிடிப்பதாலும்தான் இது கெட்டுப்போகிறது.

பழக்கும்போது கடித்துவிட்டால் கத்தாதீர்கள், கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், முகத்தில் ஊதாதீர்கள், அலகில் சுண்டாதீர்கள். சத்தமும் பரபரப்பும் சிலவற்றுக்கு வேடிக்கையாகிவிடும், மற்றவற்றுக்குப் பயத்தைக் கூட்டும். தண்டனை என்று நினைத்துக் கூண்டில் அடைப்பதும் தவறு. அது போக நினைத்தது கூண்டுக்குத்தான் என்றால், கடித்தால் காரியம் நடக்கும் என்று நாமே கற்றுக்கொடுத்தவர்கள் ஆவோம். பேசாமல் அருகிலுள்ள நாற்காலி முதுகில் இறக்கிவிட்டு, பத்து விநாடி கழித்து, அதற்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் செய்யச் சொல்லிப் பரிசு கொடுங்கள்.

சிறகை வெட்டினால் அடங்கும் என்பதும் தவறான யோசனை. பறந்து தப்ப முடியாத பறவைக்குக் கடிப்பது ஒன்றுதான் மிச்சம். இதைப் பட்ஜிகளோடு ஒரே கூண்டில் விடவும் கூடாது. அவற்றின் கால்விரலைக் கடித்துத் துண்டாக்கிவிடும்.

சாதுவாக இருந்த பறவை திடீரென்று கடித்தால், பானையைப் பார்ப்பதற்கு முன் உடம்பைப் பாருங்கள். இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பது, மூச்சுவிடும்போது வால் ஏறி இறங்குவது, எச்சத்தின் நிறம் மாறுவது எல்லாம் அன்றே மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். கடிபட்ட மனிதருக்கு ரேபிஸ் பயம் வேண்டாம், பறவைக் கடியால் அது பரவுவதில்லை. சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவுங்கள்; ஆழமான காயமானால் டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

இது வேண்டாம், பச்சைக்கிளிக் குஞ்சு வாங்கலாம் என்று சிலர் முடிவு செய்கிறார்கள். அதை வாங்குவதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பறவை விற்பவர்களுக்கு எங்கள் கோரிக்கை ஒன்றே. குஞ்சு பொரிக்க வைக்கப் போகிறோம் என்று சொல்லிக் கேட்பவர்களுக்கு மட்டும் பானையைக் கொடுங்கள். மற்றவர்களுக்கு அந்த விலையில் ஒரு கட்டு தினைக்கதிரும் கடல்நுரையும் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
வீட்டுப் பறவை வளர்ப்போர் சிலர்,
மதுரை.