மேப்ல கோடு போடுறதுக்கு முன்னாடி ஒருக்கா எங்க கண்மாய்க் கரைக்கு வாங்க

ராமநாதபுரம் சீமையில கண்மாய், காடு, பறவை, மரம்னு இயற்கை மீட்புக்குத் திட்டம் போடுற எல்லா ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

எனக்கு கமுதி பக்கம் ஒரு கிராமம். மழை பேஞ்சா நெல்லு, கொஞ்சம் முண்டு மிளகா, பேயலேன்னா சீமைக்கருவேல விறகுல கரி எடுக்குற கரிமூட்டம், எங்க ஊரு பொழப்பு அவ்ளோதான். கொஞ்ச நாளைக்கு முன்னாடி எங்க ஊருக்கு ஒரு குழு வந்துச்சு. எந்த டிபார்ட்மென்ட்னு சொல்லல, யாரையும் மாட்டிவிடுறதுக்கு இதை எழுதல. சமுதாயக்கூடத்துல காலைல 11 மணிக்கு மீட்டிங். வந்தது 14 பேரு, அதுல பொம்பளைங்க ரெண்டே பேரு, ஏன்னா மத்தவங்கல்லாம் 100 நாள் வேலைக்கோ விறகு அடுக்கவோ போயாச்சு. சுவத்துல புரொஜெக்டர் போட்டு ஒரு மேப் காட்டுனாங்க, கண்மாய் உள்வாய், அதான் தண்ணி நிக்கிற பரப்பு, முழுக்க சிவப்பு, அது சீமைக்கருவேலம், மொத்தமா எடுக்கப்போறாங்களாம். கரையை ஒட்டி பச்சை, அங்க மரக்கண்ணு நடப்போறாங்களாம். ஏதாச்சும் கேள்வி இருக்கான்னு கேட்டாங்க, டீ வடை குடுத்தாங்க, நோட்டுல கையெழுத்து வாங்குனாங்க, கிளம்பிட்டாங்க. நாளைக்கு அறிக்கைல "மக்கள் பங்கேற்புடன்"னு ஒரு வரி வரும்ல, அந்த ஒரு வரிக்குத்தான் எங்க 14 கையெழுத்து.

மீட்டிங்ல கடைசி பெஞ்சுல எங்க ஊரு நீர்க்கட்டி உக்காந்திருந்தாரு, 70 வயசுக்கு மேல. எந்த மடையை எப்போ தொறக்கணும், எந்த வயலுக்கு எத்தன நேரம் தண்ணின்னு காலகாலமா அவரு குடும்பம்தான் பாக்குது. மேப்பைப் பாத்துட்டு மெதுவா பக்கத்துல இருந்த என்கிட்ட சொன்னாரு, "ஏப்பா, அந்தப் பச்சையில பாதி, கண்மாய் நெறஞ்சு கலுங்கு பாயுற வருசம் இடுப்பளவு தண்ணி நிக்கிற எடம்ப்பா, அங்க மரக்கண்ணு வச்சா அழுகிப்போகும்ல." நான் சத்தமா சொல்லுங்க பெரியப்பான்னேன். "அவுக படிச்சவுக"ன்னுட்டு விட்டுட்டாரு. இப்போ யோசிச்சா நானாவது எந்திரிச்சு சொல்லியிருக்கலாம், எம்மேலயும் தப்பு இருக்கு.

இன்னொண்ணு. அந்தச் சிவப்புக்குள்ள தென்கிழக்கு மூலைல நாட்டுக்கருவேலம் ஒரு 40, 50 மரம் நிக்குது. மேல இருந்து எடுத்த படத்துல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும் போல. பக்கத்துல வந்து நெத்தை, அதான் காயைப் பாருங்க, நாட்டுக்கருவேல நெத்து மணி கோத்த மாதிரி இடையிடையே ஒடுங்கியிருக்கும், சீமையோடது பட்டையா மஞ்சளா தொங்கும். பூவும் வேற, நாட்டோடது மஞ்சள் உருண்டை, சீமையோடது நீட்டு நீட்டா பூனைவால் மாதிரி. ஆடு மேய்க்கிற எட்டு வயசுப் பயலுக்குத் தெரியும் இது, ஜேசிபி ஓட்ட வர்ற தம்பிக்குத் தெரியாது, அவரைச் சொல்லிக் குத்தமில்ல. ஆனா எங்க மாவட்டத்துப் பறவைச் சரணாலயம் சித்திரங்குடிலயும் காஞ்சிரங்குளத்துலயும் நாரை கூடு கட்டுறதே கருவேல மரத்துலதானே. ரெண்டும் ராம்சர்ங்கிற உலக ஈரநிலப் பட்டியல்ல இருக்கு, 2025 பிப்ரவரில சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேந்துச்சு, கேக்க எங்களுக்கும் பெருமையாத்தான் இருக்கு, ஆனா போர்டு வைக்காத எங்க கண்மாய்க்கும் அந்தப் பறவைங்கதான் இரை தேடி வருது.

சீமைக்கருவேலத்துக்கு நான் வக்காலத்து வாங்கல, போய்த்தொலையட்டும். 2017-ல ஐகோர்ட் உத்தரவுன்னு ஊரே பரபரன்னு வெட்டுச்சு, ஏப்ரல்ல தடை வந்துச்சு, அப்படியே நின்னுபோச்சு. வெட்டுன எடமெல்லாம் தூர்ல இருந்து ஒண்ணுக்கு நாலா கிளம்பி முன்னைவிட அடர்த்தியா நிக்குது. தூரோட பிடுங்கணும். பிடுங்கினாலும் ஆடு நெத்தைத் தின்னுட்டு வந்து புழுக்கை போட்டா அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும். அப்போ எந்த மாசம் எந்தப் பக்கம் ஆடு போகக்கூடாது, ராத்திரி ஆட்டை அடைக்கிற கிடை எங்க போடணும்னு, மந்தை மேய்க்கிற கீதாரிங்ககூட உக்காந்து பேசாம எந்தத் திட்டமும் ரெண்டு வருசம் தாங்காது. மீட்டிங்குக்கு கீதாரி ஒருத்தரைக்கூட கூப்பிடல.

கரிமூட்டம் போடுறவங்களையும் கூப்பிடல. எங்க சித்தப்பா மூட்டம் போடுறவரு. விறகை அடுக்கி, வைக்கோல் போட்டு, மண்ணு பூசி, தீ வச்சுட்டு ராவும் பகலும் பக்கத்துலயே கெடக்கணும், எங்கயாச்சும் மண்ணு விரிசல் விட்டு காத்து உள்ள போச்சுன்னா கரி இல்ல, வெறும் சாம்பல்தான். கண் எரிச்சல், இருமல், சித்தியோட கையெல்லாம் முள்ளு கிழிச்ச தழும்பு. யாரும் ஆசைப்பட்டுச் செய்யுற தொழில் இல்ல. ஆனா ஒரே வீச்சுல மரம் பூரா போயிருச்சுன்னா மறுநாள் அந்த வீட்டுல அடுப்பு எப்படி எரியும்? கண்மாயை நாலு துண்டா பிரிச்சு வருசத்துக்கு ஒரு துண்டுன்னு எடுங்க, தூர் பிடுங்குற வேலையையும் விறகையும் எங்க ஊருக்காரங்களுக்கே குடுங்க, வெளியூர் ஏலக்காரருக்கு வேண்டாம். எடுத்த துண்டுல வண்டல் அள்ளி வயலுக்கு அடிச்சா கண்மாயும் ஆழமாகும். இது என் மூளை இல்ல, டீக்கடைல ஒரு மணி நேரம் பேசுனதுல வந்தது.

சட்டமும் புதுசா ஒண்ணும் வேண்டாங்க. 2002 பல்லுயிர்ச் சட்டத்துலயே ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் ஒரு குழு, ஊர் மக்களைக் கேட்டு எழுதுற ஒரு பதிவேடுன்னு இருக்கு. எங்க ஊர்க் குழுல யாரு இருக்கான்னு விசாரிச்சேன், குழுல பேரு இருக்குற ஒருத்தருக்கே அது தெரியல, சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல போங்க. கிராம சபை வருசத்துக்கு ஆறு தடவை நடக்குது. மார்ச் 22 தண்ணீர் தினத்து சபைல இந்த மேப்பை வைக்கலாமே, அதுக்கு முன்னாடி மைக்ல ஒரு வாரம் சொல்லிவிட்டா போதும்.

அதுக்கும் முன்னாடி ஒரு நாள் சாயங்காலம் வாங்க, ஏழு மணிக்கு மேல, அப்போதான் பொம்பளைங்க வீடு திரும்பியிருப்பாங்க. சமுதாயக்கூடம் வேண்டாம், கண்மாய்க் கரைல பெரிய மடைகிட்ட ஒரு லைட்டைப் போட்டு உக்காருவோம். அதே மேப்பை பெரிய பேப்பர்ல, கலர் எதுவும் அடிக்காம, வெறும் கரையும் மடையும் மட்டும் போட்டு எடுத்துட்டு வாங்க, கூட ரெண்டு பென்சில். தண்ணி எது வரைக்கும் நிக்கும்னு நீர்க்கட்டி கோடு போடட்டும், நாட்டு மரம் எங்க நிக்குதுன்னு ஆடு மேய்க்கிற பயலுக போடட்டும்.

சித்திரைக்கு முன்னாடி வந்துருங்க. அப்புறம் நெத்து உதிர ஆரம்பிச்சிரும், ஆடு உள்ள எறங்கிரும்.

இப்படிக்கு,
14 கையெழுத்துல ஒண்ணு போட்டவன்