பாபநாசம் ஏற்றத்தில் கேட்ட சத்தம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆனி பிறந்து சாரலும் தொடங்கிவிட்டது. இவ்வளவு நாள் உனக்கு ஒரு வரி எழுதாதது என் தவறு. வீட்டில் அனைவரும் நலம். அம்மா உன்னைக் கேட்டார்கள். சேரன்மகாதேவிப் பலாப்பழத்தை இங்கே இன்னும் யாரும் மறக்கவில்லை. நீயும் மறந்திருக்க மாட்டாய்.

அப்பாவின் 1974 மாடல் அம்பாசிடரைப் பற்றித்தான் எழுத வேண்டும். வைகாசியில் காரையாறு போகையில், செக்போஸ்ட் தாண்டிய ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்ததும், தகர டப்பாவில் புளியங்கொட்டையைக் குலுக்குவது போல இன்ஜினுக்குள் சலசலத்தது. நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை தப்பாக எரிந்து தட்டும் சத்தம். பட்டறையில், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, பொறி விழும் நேரமான டைமிங்கைப் பின்தள்ளிக் கொடுத்தார்கள். சத்தம் அடங்கியது, ஆனால் வண்டியின் இழுவையும் போயிற்று, அம்பாசமுத்திரம் வருவதற்குள் ரேடியேட்டரும் கொதித்துவிட்டது. அன்று இரவு எனக்கு உறக்கமே இல்லை.

மறுநாள் நானே டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினேன். திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் பாயிண்டின் இடைவெளி 0.4 மி.மீ., சரியாகவே இருந்தது. டெஸ்ட் லாம்ப் மாட்டி, பாயிண்ட் திறந்து விளக்கு எரியும் இடத்தைப் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் புல்லியில் உள்ள வெட்டில் பார்த்து, கையேட்டில் உள்ள அளவுக்கே வைத்தேன். பிறகு இன்ஜினின் உறிஞ்சலால் டைமிங்கை மாற்றும் வேக்கம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டைப் புல்லியின் மேல் பிடித்தபடி மெல்ல ரேஸ் செய்தபோது, சிறிது சிறிதாக நகர வேண்டிய குறி ஒரே தாவலில் போய் நின்றது.

பாயிண்ட் தட்டைத் தூக்கியதும் காரணம் தெரிந்தது. வேகம் கூடக்கூட விரிந்து டைமிங்கை முன்தள்ளும் எடைகள் இரண்டையும் இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகளில் ஒன்று மெலிதாகவும் மற்றது தடித்தும் இருக்கும். தடித்ததன் கண்ணி தளர்ந்திருப்பது, அது தாமதமாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான். அந்தத் தளர்வைப் பழுதென்று எண்ணிய யாரோ இரண்டையும் மெல்லிய ஸ்பிரிங்காகவே போட்டிருக்கிறார்கள்! நிமிடத்துக்கு 3000 சுற்றில் 1 மில்லிசெகண்டுக்குள் கிராங்க் 18 டிகிரி திரும்பிவிடுவதால், தீ பரவ நேரம் வேண்டிப் பொறியை முன்கூட்டியே விடுகிறோம். 1000 சுற்றிலோ அதே நேரத்தில் 6 டிகிரிதான். ஏற்றத்தில் திணறும்போதே முழு அட்வான்சும் (முன்தள்ளலும்) வந்துவிட்டால், மேலேறிக்கொண்டிருக்கும் பிஸ்டனின் தலையில் அல்லவா அழுத்தம் இறங்கும்?

பழைய டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றிலிருந்து ஜோடி ஸ்பிரிங்கை எடுத்து மாட்டி, எடைகளின் முளைகளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவை முன்சீட்டில் உட்கார வைத்து அதே ஏற்றத்தில் போனேன். அவர் கண்ணாடியை இறக்கி, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இப்போதுதான் என் வண்டி" என்றார்.

உன் பத்மினி காரும் ஏற்றத்தில் சலசலக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதுதான் இப்போது என் கவலை. தட்டுக்குக் கீழே பார்க்காமல் யாரையும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்ப விடாதே. அது கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்வது, அங்கே 5 டிகிரி பிசகினால் கிராங்கில் 10 டிகிரி. இந்தச் சத்தத்தோடு ஓட்டி ஓட்டிப் பிஸ்டனில் ஓட்டை விழுந்த வண்டியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். குற்றாலத்துக்கு வரும்போது அழுத்தி மிதிக்காமல் மெதுவாக ஓட்டி வா, நம் வீட்டு முற்றத்திலேயே பிரித்துப் பார்ப்போம். பாயிண்ட் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை மறக்காமல் கொண்டு வா. என்னுடையதுதான், நான்கு வருடமாக உன்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
உன் கூட்டாளி