ஆண்டறிக்கை 2024–25: நம் ஊர் ரயில் நிலையமும் நம் சங்கமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, தாய்மார்களே, வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு 6 முறை கூடியது. சுதந்திர தினக் கொடியேற்றமும் பொங்கல் விளையாட்டுப் போட்டியும் வழக்கம்போல் நடந்தன. படிப்பகத்திற்கு ஒரு மின்விசிறி வாங்கினோம்.

இனி நிலைய வரலாற்றுப் பணி. "பழங்கதையை எழுதி என்ன ஆகப்போகிறது?" என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் சரக்கெல்லாம் அந்தப் பக்கம் போயிற்று. டேனிஷ்காரர்கள் ஆண்ட தரங்கம்பாடியில் துறைமுக வணிகம் படுத்துவிட்டது. நம் பக்கம் ரயில் வந்ததோ 1926இல்தான். மாயவரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) புறப்பட்டுச் செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாகத் தரங்கம்பாடி வரை சுமார் 30 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் பாதை. அறுபது ஆண்டுகள் ஓடியதை 1986இல் நிறுத்தினார்கள். மீண்டும் ரயில் விடச் சொல்லி மனுக் கொடுக்கிறோம். அன்று அந்த ரயிலில் எத்தனை பேர் ஏறினார்கள், எதற்காகப் போனார்கள் என்று எடுத்துச்சொல்ல நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டாமா?

அதற்காகவே 11 பெரியவர்களை வீடு தேடிச் சென்று, அவர்கள் சொன்னதை இரண்டு நோட்டுகளில் எழுதி வந்தேன். மேலத்தெருப் பாட்டி ஒருவர் வெற்றிலைப் பெட்டியின் அடித்தட்டிலிருந்து ஓர் அட்டை டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். இரண்டு விரல் அகலம், ஓரத்தில் ஒரு வெட்டு, மேலெல்லாம் சுண்ணாம்புக் கறை. மாயவரம் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று ஊர் திரும்பிய நாளின் டிக்கெட்டாம். நிலைய வாசலில் டிக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்கள். முந்தானையில் முடிந்தது அப்படியே தங்கிவிட்டது. நான் கேட்டும் அதைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. படம் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நிலைய மேட்டில் மண்டிய கருவேலம் புதரை வெட்ட மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அனைவரையும் அழைத்தேன். முதல் வாரம் 7 பேர், அடுத்த வாரம் 5 பேர், கடைசி வாரம் என்னுடன் ஒருவர். எங்கள் கையில் தைத்த முள்ளைவிட இதுதான் அதிகம் வலித்தது. ஆண்டுச் சந்தா 200 ரூபாய். பாதிக்கு மேற்பட்டோர் செலுத்தவில்லை. சிலருக்கு இது மூன்றாம் ஆண்டு நிலுவை.

வரவு செலவுக் கணக்கு பொருளாளரிடம் உள்ளது, யாரும் பார்க்கலாம். செலவு போகக் கையிருப்பு சொற்பமே. தலைவருக்கும், செயற்குழுவினருக்கும், அரிவாள் கொடுத்து உதவியவர்களுக்கும் நன்றி.

என் பதவிக்காலம் முடிகிறது. முன்வருபவரிடம் இரண்டு நோட்டுகளையும் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். எழுதிக்கொண்ட 11 பேரில் இருவர் இன்று நம்மிடையே இல்லை. இதுவரை பார்க்காத பெரியவர்கள் இன்னும் 9 பேர். அவர்களில் மூத்தவருக்கு 91 வயது. சந்தா வந்தால் ஒரு குரல் பதிவுக் கருவி வாங்கிவிடலாம். வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு அந்த மூத்தவர் வீட்டுக்குச் செல்கிறேன். உடன் வருபவர்கள் நிலையத்து அரசமரத்தடியில் இருங்கள்.

இங்ஙனம்,
செயலாளர்