குண்டு வந்தது, விமானம் வரவில்லை

ஆசிரியருக்கு,

அணு ஆயுதம் என்றாலே அமெரிக்காவும் ரஷ்யாவும்தான் நம் பேச்சில் வருகின்றன. பிரிட்டனின் கதையையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

1952 அக்டோபரில் ஆஸ்திரேலியாவை ஒட்டிய மான்டி பெல்லோ தீவுகளில் பிரிட்டன் முதலில் வெடித்தது ஒரு கப்பலுக்குள் வைத்த அணுகருவியை. அதை விமானத்திலிருந்து போடும் குண்டாக்கியதுதான் 'ப்ளூ டான்யூப்'. எடை சுமார் நாலரை டன். 1953 நவம்பரில் முதல் குண்டு இங்கிலாந்தின் விட்டரிங் விமானத்தளத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அதைச் சுமக்கும் வேலியண்ட் விமானங்கள் 1955இல்தான் படையில் சேர்ந்தன. குண்டை முதலில் செய்துவிட்டு அப்புறம் விமானத்துக்குக் காத்திருந்த அவசரம் எனக்கு இன்றும் புரியவில்லை.

1956 அக்டோபர் 11 அன்று ஆஸ்திரேலியாவின் மரலிங்காவில் வேலியண்ட் ஒன்று அந்தக் குண்டைப் போட்டது. வானில் வெடிக்காமல் தரையில் வெடித்தால் கதிரியக்கத் தூசு பரவும் என்று பயந்து, அதன் திறனைச் சுமார் 3 கிலோடன்னாக (3,000 டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம்) குறைத்திருந்தார்கள். அந்தப் பயம் இருந்தது சரி. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பழங்குடி மக்களை ஏன் வெளியேற்றினார்கள்?

1958இல் வந்த 'வயலட் கிளப்' என்ற பிரிட்டனின் இன்னொரு அணுகுண்டு இன்னும் மோசம். அதன் யுரேனியக் கோளம் விபத்தில் நசுங்கி வெடித்துவிடாதபடி, உள்ளே ஒரு லட்சத்துக்கும் அதிகமான எஃகுக் குண்டுமணிகளை நிரப்பி வைத்தார்கள். பறக்கும் முன் அவற்றைக் கொட்டிவிட வேண்டும். கொட்டியபின் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்! படித்தபோது உடம்பு நடுங்கிவிட்டது.

மரலிங்கா மக்களுக்கு இழப்பீடு கிடைக்க 1990கள் வரை ஆனது. உங்கள் நாளிதழ் அவர்களைப் பற்றி ஒரு தொடர் வெளியிட வேண்டும்.

— ஒரு வாசகர், திருநெல்வேலி